இரண்டு ஜான் மக்கேக்களின் காப்பாளருக்கு

மழை மறவா மலைநாட்டின் மைந்தரே! முரசு முழங்கிய முற்றத்தில் முதிர்ந்த மூத்த வீரரே! ஸ்ட்ராத்ஆர்டன் ஹைலேண்டர்ஸ் காலாட்படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் சீருடை சுமந்து, பின் இருபத்துநான்கு ஆண்டுகள் அப்படையின் அருங்காட்சியகத்தைக் கண்ணெனக் காத்த காப்பாளரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரியவரே! சார்ஜென்ட் லாக்லன் பெத்யூன் அவர்களே! கில்டோரன் பாசறையின் பழைய காவற்கூடத்தில் தங்களோடு பணிபுரியும் நாங்கள், தாங்கள் ஓய்வுபெறும் இந்த அக்டோபர் ஈரத்தில், தொப்பி கழற்றித் தலைவணங்கி இம்மடலைத் தங்கள் முன் வாசிக்கிறோம்.

எழுதியவள் நுழைவுச்சீட்டு மேசையில் இருக்கும் ரோனா டால்க்லீஷ். திருத்தியவர் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துப் பூட்டும் ஈவன் ஸ்பால்டிங். என்றாலும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். திட்டு விழுந்தால் பங்கிட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஓர் ஒப்புதல். முன்னாள் வீரர் சங்கத்துச் செயலர் பழைய மடல் ஒன்றை மாதிரிக்காகத் தந்தார். அதில் "ஐயம் அகற்றிய அறிவாளரே, தெளிவின் திருவுருவே" என்று ஒரு வரி இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று அதைத் தங்களுக்கும் எழுதினோம். ஈவன் பார்த்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கினார்.

"தெளிவா? இவரா? நாலு வருஷமா நம்மளைத் தலையைச் சொறிய வச்சவரு இவருதானே!"

உண்மைதான். ஆகவே தெளிவின் திருவுருவே என்று தங்களை விளிக்க இயலவில்லை. குழப்பத்தின் கொற்றவரே என்று விளிக்கலாமா என யோசித்தோம். சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்போகும் தாளில் அது நன்றாக இராது என்று விட்டுவிட்டோம். எது எப்படி நடந்ததோ அதை அப்படியே சொல்லிப் பாராட்டுவது என்று முடிவு செய்தோம். எங்கேனும் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் பொறுத்தருள்க. நாங்கள் பல இடங்களில் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

மடிப்பு கலையாத கில்ட்டின் மாண்பே! பள்ளிப் பிள்ளைகள் கில்ட்டைப் பார்த்துச் சிரிக்கும்போது, "அது பாவாடை இல்ல கண்ணுங்களா. அதைக் கட்டிக்கிட்டு வந்தவங்களை எதிர்ல பார்த்தவன் எவனும் சிரிக்கல" என்று தாங்கள் சொல்லும் அழகே அழகு! விருந்து நாளில் குழல்காரர் மேசையை எத்தனை முறை சுற்றுவார், கடைசிச் சுற்றில் யார் நாற்காலிக்குப் பின் நிற்பார், எந்தக் கோப்பையில் விஸ்கி ஊற்றி அவர் கையில் தருவார்கள் என்பதெல்லாம் தங்கள் விரல் நுனியில். தொப்பியின் இறகு எந்தக் காதின் பக்கம் சாய வேண்டும் என்பதற்காக ஒரு மேஜரையே தாங்கள் திருப்பி அனுப்பியதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

எல்லாவற்றிலும் எண்தான் தங்களுக்கு உயிர். மக்கே என்று கூப்பிட்டால் பாதிப் படை திரும்பிப் பார்க்கும். ஜான் மக்கே என்றால் பதினோரு பேர் எழுந்து நிற்பார்கள். அதனால் நம் படையில் பெயரோடு எண்ணும் சேர்ந்தே ஒரு மனிதர். தேநீருக்கு அழைத்தாலும் எண், ஏசினாலும் எண், கல்லறையிலும் எண். "எண்ணை விட்டா ஆளை விட்ட மாதிரி" என்று எங்களை எத்தனை முறை கடிந்திருக்கிறீர்கள்! படையில் பெத்யூன் ஒருவரே இருந்ததால் தங்களுக்கு எண் வைத்து அழைக்கும் வாய்ப்பு வரவில்லை என்பது தங்களுக்கு ஆறாத மனக்குறை.

இனி அந்த ஜூலை இருபத்துமூன்றின் கதை. 1918இல் அந்நாளில், பிரான்சின் வால்மேர் காட்டு விளிம்பில் நம் வீரர்கள் முன்னேற முடியாமல் மண்ணோடு ஒட்டிக் கிடந்தார்கள். அப்போது ஜான் மக்கே என்னும் குழல்காரர் பதுங்குகுழியை விட்டு எழுந்து, பேக்பைப் என்னும் பைக்குழலை வாசித்தபடி நேராக நடந்தார். படை அவர் பின்னால் எழுந்தது. காடு கைக்கு வந்தது. அவர் வரவில்லை. ஒரு தண்டு முறிந்த குழல் மட்டும் வந்தது. அது நம் மூன்றாம் பெட்டியில் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்நாளில் பாசறை முற்றத்தில் மாண்டவர் பட்டியலைத் தாங்கள் உரக்கப் படிப்பீர்கள். குடும்பத்தார் ஒருவர் எழுந்து "உள்ளேன்" என்று குரல் கொடுப்பார். "ஜான் மக்கே 312!" என்று தாங்கள் அழைத்ததும் முன்வரிசையில் கிரிசல் மக்கே அம்மையார் எழுவார். பேத்தி. தந்தை இறந்த பிறகு நாற்பத்துமூன்று ஆண்டுகளாக அவர் குரல்தான். மழையிலும் குடை பிடிக்க மாட்டார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே அக்டோபரில், ஹாரிஸ் தீவின் படகில் கயிறு கட்டும் தொழிலாளி மர்டோ மக்கே நம் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே ஒரே ஓர் அஞ்சலட்டை. கேலிக் மொழியில் இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தாங்கள் ஸ்கை தீவுக்காரர், படித்தீர்கள். படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

"எங்க தாத்தாவோட அண்ணன் எழுதினது, ஐயா" என்றார் மர்டோ. "அவர் பேரும் ஜான் மக்கேதான். எண் 321. அந்தச் சண்டைக்கு ஒரு வாரம் முந்தி எழுதியிருக்கார். குழல் அவர் கையிலதான் இருக்குன்னு எழுதியிருக்கார்."

"அவருக்கு என்ன ஆச்சுன்னு வீட்டுக்குத் தகவல் வந்தது?" என்று கேட்டீர்கள்.

"பணியிடத்தில் இல்லைன்னு வந்தது. அன்னியிலிருந்து எங்க வீடு ஓடிப்போனவன் வீடு. ஊர்ல நினைவுக்கல் வச்சாங்க, அதுல அவர் பேர் இல்ல. அவங்கம்மா சாகுற வரைக்கும் அந்தக் கல்லுப் பக்கம் நடக்கல, சுத்திதான் போவாங்க. இப்ப கேட்டா, பட்டாளத்துலேர்ந்து காகிதம் கொண்டா, செதுக்கறோம்கிறாங்க."

அன்று தொடங்கியது எங்கள் குழப்பம். 312, 321. எந்த ஜான் எந்த ஜான்? இருவரும் இருந்த படைக்கம்பெனியின் பதிவேட்டில் குழல்காரர் 312, பணியிடத்தில் இல்லாதவர் 321. வாத்தியக் குழுவின் பழைய நோட்டிலோ குழல்காரர் 321. எழுதியவர் கை எங்கே தடுமாறியது? ஈவன் ஒரு நாள் இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி வைத்தார். மறுநாள் எது யாருடையது என்று அவருக்கே மறந்துவிட்டது. பெருந்தொற்று வந்து இரண்டு ஆண்டுகள் அணிவகுப்பு நின்றது. தாங்கள் மட்டும் நிற்கவில்லை.

விடுப்பு எடுத்து மூன்று முறை ஹாரிஸ் போனீர்கள். எதற்கென்று சொல்லவில்லை. மூன்றாம் பெட்டியின் விளக்க அட்டையை எடுத்து மேசை இழுப்பறையில் பூட்டினீர்கள். கேட்டதற்கு, "துடைக்கணும்" என்றீர்கள். அட்டையை யார் ஐயா மாதக்கணக்கில் துடைப்பார்கள்? வியாழன்தோறும் சட்டை மாற்றிக்கொண்டு கிரிசல் அம்மையார் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனீர்கள். குழலை விற்கப் பார்க்கிறார் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். உடம்பு சரியில்லை என்றார் இன்னொருவர். நாங்கள் காதல் என்று நினைத்தோம். மன்னிக்கவும், நினைத்தோம்.

ஒரு வியாழக்கிழமை அம்மையாரே நம் மேசைக்கு வந்தார். கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"ரோனா, உங்க சார்ஜென்ட்டுக்கு என்னதான் வேணும்? வாராவாரம் வரார். ஓட் பிஸ்கட் திங்கிறார். ஹாரிஸ் தீவுக்காரர் ஒருத்தர் வந்த கதையைச் சொல்றார், எங்க தாத்தா கடுதாசி ஏதாவது இருக்கான்னு ஒரே கேள்வி. இல்லைன்னு சொன்னா, சரிங்கிறார். அடுத்த வாரம் மறுபடி வந்து நிக்கிறார்!"

"இருக்காம்மா?" என்று கேட்டோம்.

அவர் சுவரில் தொங்கிய வாட்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அதைத் தங்களிடம் சொன்னோம். "ம்" என்றீர்கள். அந்த 'ம்'முக்குப் பொருள் என்ன என்று இரண்டு நாள் விவாதித்தோம்.

சென்ற ஆண்டு ஜூலை இருபத்துமூன்று. முற்றத்தில் நாற்காலிகள். தூறல். சங்கத் தலைவர் கர்னல் கார்ஸ்டேர்ஸ் பதக்கங்களோடு நடுவில். மர்டோவைத் தாங்கள் வரச் சொல்லியிருந்தீர்கள். குடும்பங்களோடு உட்காரக் கூச்சப்பட்டு அவர் இரும்புவேலியின் ஓரம் நின்றார். தாங்கள் பட்டியலைப் படித்தீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குரல். அந்த இடம் வந்தது.

"ஜான் மக்கே!"

அவ்வளவுதான். எண் இல்லை. மறந்துவிட்டீர்கள் என்று எங்களுக்குப் பதறியது. கர்னல் தலையைச் சாய்த்துப் பல்லைக் கடித்தபடி, "எண்! பெத்யூன், எண்ணைச் சொல்லும்!" என்றது ஐந்தாம் வரிசை வரை கேட்டது. தாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

"ஜான் மக்கே!" என்றீர்கள் மறுபடியும்.

கிரிசல் அம்மையார் எழுந்தார். வாயைத் திறந்தார். மூடினார்.  பிறகு அவர் மெல்லத் திரும்பி, எல்லாத் தலைகளையும் தாண்டி வேலியைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, தீவுக்காரரே. அங்க என்ன நிக்கிறீங்க? உங்களைத்தான் கூப்பிடறாங்க. பதில் சொல்லுங்க."

மர்டோ தொப்பியைக் கழற்றினார். கழற்றிய தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். "உள்ளேன்" என்றார். படகுத்துறையில் காற்றை மீறிக் கத்திப் பழகிய அந்த மனிதரின் குரல், பக்கத்தில் நின்ற எங்களுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

அதன்பின் தேநீர்க் கூடத்தில் அம்மையார் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மர்டோவிடம் நீட்டினார். "உரக்கப் படிங்க. என் கண்ணாடி நனைஞ்சு போச்சு." தாத்தா 312 தம் மனைவிக்கு எழுதிய கடிதம் அது. மர்டோ படித்தார்: "எனக்கும் ஒரு தீவுக்காரனுக்கும் ஒரே பெயர். அவன் கடிதம் எனக்கு வருகிறது, நீ பின்னிய காலுறை அவனுக்குப் போகிறது. பொழுது விடிந்தால் குழலை எடுத்து வாசித்து எங்கள் காதைக் கொல்கிறான். ஆனால் நல்லவன். எனக்கு ஒழுங்காக விசிலடிக்கக்கூட வராது என்று உனக்குத் தெரியுமே."



"பன்னெண்டு வயசுல எங்கப்பா பெட்டியில பார்த்தேன்" என்றார் அம்மையார். "அப்பாவும் படிச்சிருக்கார். ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் நாப்பத்துமூணு வருஷம் எந்திரிச்சு நின்னு உள்ளேன்னு பொய் சொன்னேன், லாக்லன். குழல் வாசிச்சது இவங்க ஆள்னா, எங்க ஆள் யாரு? ஓடிப்போனவரா? அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரல."

தாங்கள் அவர் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"ஓடினார்னு யார் சொன்னா, கிரிசல்? அன்னிக்கு நம்ம கம்பெனியில பதினேழு பேர் உடம்பு கிடைக்கல. விழுந்ததைப் பார்த்தேன்னு யாரோ ஒருத்தன் சொன்னதால அவங்க மாண்டவங்க. உங்க தாத்தாவுக்காக அப்படிச் சொல்ல ஒருத்தன் மிஞ்சல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அது போதுமா?"

"போதாது. ஆனா அதுக்கு மேல யாருக்கும் தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன்."

மர்டோ அந்தக் கடிதத்தை மடித்து அம்மையார் கையில் திருப்பித் தந்தார். "எங்க ஆள் காலுறையைத் திருப்பித் தந்தாரான்னு இதுல இல்லையேம்மா" என்றார். அம்மையார் சிரித்தாரா அழுதாரா என்று எங்களுக்கு விளங்கவில்லை. இரண்டும் என்கிறார் ஈவன்.

மறுவாரம் கர்னல் வந்தார். அவருக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. "குழல்காரர் 321. சரி, மாத்திடலாம். அப்ப ஓடினவர் 312. அதையும் மாத்திடும். ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும், பெத்யூன்." தாங்கள் விறைப்பாக நின்றே பதில் சொன்னீர்கள்: "முதல் பாதியை இன்னிக்கே எழுதறேன், சார். ரெண்டாவது பாதியை எழுதணும்னா வேற கை பாருங்க. நூறு வருஷம் ஒரு வீட்டு வாசல்ல கிடந்த அழுக்கை வாரி அடுத்த வீட்டு வாசல்ல கொட்டறதுக்கு நான் இங்க உக்காரல." கர்னல் கதவைச் சாத்திய வேகத்தில் ஒரு கேடயம் சுவரிலிருந்து விழுந்தது. சங்கத்தின் குழு கூடியது, பேசியது, 312ஐ என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் கலைந்தது.

குழல்காரர் 321 என்ற முதல் பாதிக் காகிதத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டு இந்த ஏப்ரலில் ஹாரிஸ் போனீர்கள். கிரிசல் அம்மையாரும் வருவேன் என்று பிடிவாதமாகக் கிளம்பினார். படகில் வழிநெடுக வாந்தி எடுத்தாராம். வாளியைப் பிடித்தது மர்டோவாம். ஊர் நினைவுக்கல்லில் புதிதாகச் செதுக்கிய பெயரை அம்மையார் விரலால் தடவிப் பார்த்து, "எழுத்து நல்லா விழுந்திருக்கு" என்றாராம்.  இவ்வளவும் மர்டோ சொல்லித்தான் தெரியும். தாங்கள் திரும்பி வந்து "காத்து ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னீர்கள்.

வாய்மூடி வரலாறு காத்தவரே! இந்த ஜூலையில் தங்கள் கடைசி அழைப்பு. "ஜான் மக்கே 321!" என்றீர்கள். மர்டோ முன்வரிசையில் எழுந்து, இம்முறை முற்றமே அதிர, "உள்ளேன்!" என்றார். பிறகு தாங்கள் பட்டியலை மடித்துவிட்டீர்கள். அடுத்த பெயர் அதில் இல்லை. குழு அனுமதிக்காத பெயர்.

"ஜான் மக்கே 312!" என்று அழைத்தீர்கள்.

நாங்கள் கர்னலைப் பார்த்தோம். அவர் முகம் சிவந்தது. ஒரு கணம் நாற்காலியின் கையைப் பிடித்தார். பிறகு எழுந்து, கையை உயர்த்தி, நெற்றியில் வைத்து வணக்கம் செலுத்தியபடி அசையாமல் நின்றார். ஏன் தடுக்கவில்லை, ஏன் வணங்கினார் என்று இன்றுவரை அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் விளங்கவில்லை. கிரிசல் அம்மையார் எழுந்தார். "உள்ளேன்" என்றார். தாழ்ந்த குரல்தான். ஆனால் அன்றுதான் அவர் உட்காரும்போது பக்கத்தில் இருந்தவர் குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

சென்ற வாரம் மூன்றாம் பெட்டியில் புதிய அட்டை வைத்தீர்கள். அதில் தங்கள் கையெழுத்தில் மூன்றே வரிகள்: "இக்குழலை வாசித்து நடந்து வீழ்ந்தவர் ஜான் மக்கே 321. அதே நாளில் ஜான் மக்கே 312 காணாமற்போனார். அவர் ஓடியதைக் கண்டவர் எவரும் இல்லை."

வருகிறவர்கள் படித்துவிட்டு நேரே எங்கள் மேசைக்கு வருகிறார்கள். குழல் ஒருவருடையது என்றால் இன்னொருவர் அட்டையில் ஏன் இருக்கிறார்? காணாமற்போனவருக்கும் குழலுக்கும் என்ன தொடர்பு? எங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. தங்களிடமே கேட்டோம். நேற்று மாலை மேசையைக் காலி செய்துகொண்டே சொன்னீர்கள்: "சுருக்கமா சொல்லாதீங்க. உக்காரச் சொல்லுங்க. டீ கொடுங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவ்வாறே செய்வோம், ஐயா! இன்று காலையே ஒரு குடும்பத்துக்குச் சொன்னோம். நடுவில் எண்களை மாற்றிச் சொல்லிவிட்டு மீண்டும் தொடங்கினோம். அவர்கள் பேருந்தைத் தவறவிட்டார்கள், வருந்தவில்லை.

ஐயம் அகற்றாத அறிவாளரே! அறியாததை அறியேன் என்று சொன்ன ஆண்மையே! தங்கள் முழங்கால் வலி முற்றும் நீங்குக! தங்கள் தோட்டத்து உருளைக்கிழங்கு மழையில் அழுகாது விளைக! உறக்கம் இனிதாகுக, உடல் உறுதியாகுக, நூறாண்டு கடந்தும் தங்கள் நடை நிமிர்ந்திருக்க! வியாழக்கிழமைகள் எவர் வீட்டில் கழிந்தாலும் அது குறித்து நாங்கள் இனி ஒன்றும் நினையோம் என உறுதி கூறுகிறோம்.

தங்கள் ஆணையை இன்னும் முழுதாய் விளங்கிக்கொள்ளாத, ஆனால் மீறாத,

ரோனா டால்க்லீஷ், நுழைவுச்சீட்டு மேசை
ஈவன் ஸ்பால்டிங், காட்சிப் பெட்டிகள்
ஸ்ட்ராத்ஆர்டன் ஹைலேண்டர்ஸ் அருங்காட்சியகம், கில்டோரன்

பணியாளர் அல்லர் எனினும் தம் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்டு, இத்தாளின் அடியில் ஒரே வரியில் கையொப்பமிட்டோர்:

கிரிசல் மக்கே, மர்டோ மக்கே